கொசுவலை

உங்கள் திரையில் மஞ்சள் நிறத்தில் வரும் எச்சரிக்கை வரிகளை நீங்கள் யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். போன வாரம் நீங்கள் புரோகிராம் எழுதும் அறைக்கு வந்திருந்தபோது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்நூற்றுச் சொச்சம் வார்னிங் சர்ரென்று ஓடி மறைந்தது. கடைசியில் ‘பிழை இல்லை’ என்று வந்ததும் எல்லோரும் டீ குடிக்க எழுந்து போய்விட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற மனுஷன் வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்று ஏற்கனவே எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த மஞ்சள் வரிகளே கண்ணுக்குள் ஓடின. அதனால் எழுதுகிறேன். படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம். வார்னிங்கையே படிக்காதவர்கள் என் கடிதத்தையா படிக்கப் போகிறீர்கள்!

எண்பதுகளின் பிற்பாதி. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் படியில் நிற்க வேண்டும். சாயப்பட்டறைகளுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி செய்து கொடுப்பதுதான் தொழில். நூலைச் சாயத்தண்ணீரில் போட்டு இந்தச் சூடு வரை ஏற்று, இத்தனை நிமிஷம் நிறுத்து, மெதுவாக இறக்கு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பக்குவம் உண்டு. அதை அட்டவணையாக எழுதிக் கொடுத்தால், ஒரு புரோகிராம் அதைப் படித்து, சிப்புக்கு வேண்டிய புரோகிராமைத் தானே எழுதிவிடும். அந்த எழுதும் புரோகிராமுக்கு எங்கள் ஆபீஸில் ‘குமாஸ்தா’ என்று பெயர். சொன்னதை எழுதுவார், சொந்தப் புத்தி கிடையாது. குமாஸ்தா எழுதித் தரும் ஒவ்வொரு ஃபைலின் முதல் வரியும் ‘கையால் தொடாதே’ என்பதுதான். தொடக் கூடாது என்பதை நாங்கள் பார்க்கவும் கூடாது என்று எடுத்துக்கொண்டோம்.

பழைய சிப் கிடைப்பது நின்றுபோனது. முதலாளி வேறொரு சிப்புக்கு மாறச் சொன்னார். அவரும் எங்களைப் போல இன்ஜினியர்தான். எங்களோடு உட்கார்ந்து ஈயம் பற்றவைப்பவர், நல்ல மனிதர். புதிய சிப்புக்கு, எழுதியதை அதன் பாஷைக்கு மாற்றித் தரப் புதிய கம்பைலர். பழைய கம்பைலர் எதற்கும் வாயைத் திறக்காது. புதியது வாயாடி. குமாஸ்தா எழுதிய புரோகிராமைக் கொடுத்ததுமே நானூறுக்கும் மேலே வார்னிங். எல்லாம் ஒரே பாட்டு: ‘பெரிய எண்ணைச் சின்ன இடத்தில் வைக்கிறாய், கொஞ்சம் சிந்தலாம்.’ சிந்தாது என்று எங்களுக்குத் தெரியும். சூடு இருநூற்று ஐம்பதைத் தாண்டப் போவதில்லை, அதற்கு அந்த இடம் தாராளம். முதல் இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. இடையில் ஒரு நிஜமான பிழை வந்தாலும் இந்தக் கூட்டத்தில் கண்ணில் படாது. அதனால் வார்னிங் என்ற சொல் உள்ள வரியையெல்லாம் வடிகட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும்படி எட்டு வரியில் ஒரு சின்ன ஃபைல் எழுதினேன். வார்னிங்கை நாங்கள் ‘கொசு’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆகவே என் ஃபைலுக்குக் ‘கொசுவலை’ என்று பெயர் வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, “ஆபீஸே அமைதியாயிருச்சேப்பா” என்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் ரெண்டு.

பரவையில் ஒரு சாயப்பட்டறைக்குப் புதிய பெட்டி முதன்முதலாகப் போனது. அங்கே சாயம் ஏற்றுவதைக் கவனிக்கும் டையிங் மாஸ்டர் காதர் பாய். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் என்றைக்கும் நீலம் போகாத மனிதர். நூல் வேகும் இரும்பு உருளையை அங்கே ‘குக்கர்’ என்றுதான் சொல்வார்கள். ஆள் உயரம், மேலே போல்ட் போட்டு முறுக்கிய மூடி, உள்ளே நீராவியில் கொதிக்கும் சாயம். அதை ஒட்டி ஒரு மர முக்காலி போட்டு, வேலை நேரம் முழுக்கப் பாய் அதிலேயே உட்கார்ந்திருப்பார். “குக்கர் சத்தத்தை வெச்சே உள்ள நூலு என்ன பண்ணுதுன்னு சொல்லிருவேன் தம்பி” என்பார். என் பெட்டி வந்த பிறகும் முக்காலி இடம் மாறவில்லை.

மூன்று வாரம் ஓடியது. ஒரு குறையில்லை. பாயே முதலாளிக்குப் போன் போட்டுப் பாராட்டினார். அந்த மூன்று வாரமும் ஓடியது பருத்தி நூல் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பருத்திக்கு நூறு டிகிரிக்கு உள்ளேயே வேலை முடிந்துவிடும். பாலியஸ்டருக்கு நூற்று முப்பது வேண்டும்.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம். ஆபீஸில் வசந்தாக்கா ஒரு நிறத்துக்குப் புதிய அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிக்காரர், எனக்கு ரெண்டு வருஷம் மூத்தவர், எங்கள் நான்கு பேரில் சந்தேகப்படத் தெரிந்த ஒரே ஆள். அவர் மிஷினில் கொசுவலை ஃபைல் இல்லை. நான்தான் காப்பி போட்டுக் கொடுக்க மறந்திருந்தேன். அதனால் கம்பைலர் சொன்னதெல்லாம் அவருக்கு அப்படியே வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, தரையில் நீளமாக விரித்துப் போட்டு, குத்துக்காலிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

“செல்வம், இங்க வா. இதுவும் கொசுதானா?”

“அம்புட்டும் கொசுதான்க்கா. விடுங்க.”

“அம்புட்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. இந்த மூணு மட்டும் வேற மாதிரி கெடக்கே. வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். ‘இந்த ஒப்பீடு எப்போதும் பொய்.’ மூன்று இடத்தில் அதே வாக்கியம். அந்த வரிகளைத் தேடிப் பார்த்தேன். ஒன்று, சூடு நூற்று முப்பதைத் தொட்டதா என்று கேட்கும் வரி. இன்னொன்று, தொட்ட பிறகு அதே சூட்டில் நிறுத்தி வைக்கும் வரி. மூன்றாவது, நூற்று முப்பத்தைந்தைத் தாண்டினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மணி அடிக்கும் வரி. மூன்றும் ஒருநாளும் நடக்காது என்று கம்பைலர் சொல்கிறது. நாலு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான்தான் வலை கட்டிவிட்டேனே.

காரணம் உங்களுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குமாஸ்தா சூட்டை ஒரே ஒரு எழுத்து கொள்ளும் சின்ன இடத்தில் வைத்திருந்தார். பழைய கம்பைலர் அந்த இடத்தில் பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை எண்ணும். புதியது அதில் பாதியை மைனஸுக்குக் கொடுத்துவிட்டது. நூற்று இருபத்தேழு வரை எல்லாம் சரி. அடுத்த எண் நூற்று இருபத்தெட்டு இல்லை, மைனஸ் நூற்று இருபத்தெட்டு. அதாவது குக்கர் கொதிக்கக் கொதிக்க, பெட்டி அதைப் பனிக்கட்டி என்று நினைத்து நீராவியை முழுசாகத் திறந்துவிடும். அணைக்க வேண்டிய வரியும் செத்துக் கிடக்கிறது.

“அக்கா, பரவையில எப்ப பாலியஸ்டர் போடுறாங்க?”

வசந்தாக்கா நோட்டைப் புரட்டினார். “இன்னைக்கு. ரெண்டரைக்கு ஏத்துறதாச் சொன்னாரு பாய்.”

மணி மூன்று பத்து. பாலியஸ்டருக்குச் சூட்டை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நூற்று இருபத்தேழைத் தொடும். போனைச் சுற்றினேன். எங்கேஜ். மறுபடியும் சுற்றினேன். எங்கேஜ்.

முதலாளியிடம் ஓடினேன். அவர் பிரிண்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மூணு வாரம் ஓடுன மிஷின்பா. வார்னிங்தானே, எரர் இல்லையே? இப்பப் போயி ஓடுற நூல் லாட்டை நிப்பாட்டி, ஒண்ணுமில்லைன்னு ஆச்சுன்னா அந்தப் பட்டறையில நம்மள உள்ள விடமாட்டாங்க. சாயங்காலம் உக்காந்து நிதானமாப் பாப்போம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அப்போதும் தோன்றியது. எனக்கும் உறுதியாகத் தெரியாது. பேப்பரில் பார்த்ததுதான், ஓட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த முக்காலி கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டது. வசந்தாக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “நான் சுத்திக்கிட்டே இருக்கேன். நீ கெளம்பு.”

“சார், நான் போயிட்டு வாரேன்” என்றேன். முதலாளி பிரிண்ட்டை மறுபடி கையில் எடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

என்னிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, விளாங்குடி தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் அது எவ்வளவு முடியுமோ அவ்வளவு முறுக்கினேன். வழியெல்லாம் மனசு ரெண்டு பக்கமும் பேசியது. ஒன்றுமில்லாமல் போனால் என் வேலை போகும். இருந்தால்? அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. பரவை மார்க்கெட் முன்னால் வெங்காய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் மாட்டு வண்டிகள், எதிரே டவுன் பஸ். கிளீனர் நிதானமாகப் பின்பக்கத்தைத் தட்டி “வா வா வா” என்கிறான். நான் கத்தினேன். ஒருத்தரும் திரும்பவில்லை. மொபெட்டை அங்கேயே ஒரு டீக்கடை ஓரம் சாய்த்துவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

பட்டறை வாசலில் போன் ரிசீவர் கிடக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் மேஜை மேல் மல்லாந்து கிடந்தது. உள்ளே போனேன். பாய் முக்காலியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். என் பெட்டியில் சிவப்பு எண் நூற்று இருபத்து மூன்று.

“என்ன தம்பி, வேர்த்து விறுவிறுத்து?”

“பாய், நிப்பாட்டணும். இப்பவே.”

“எதுக்கு?”

“கம்பைலர் மாத்திட்டாங்க பாய், அதுனால...” என்று ஆரம்பித்தேன். பாருங்கள், அந்த நேரத்திலும் பழியைப் போட ஒரு ஆள் தேடியிருக்கிறேன். நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். “இல்ல பாய். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நூத்தி இருபத்தேழுக்கு மேல போனா பெட்டி நீராவிய நிப்பாட்டாதுன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா, தெரியுமா?”

“உறுதியாத் தெரியாது.”

பாய் எழுந்து நின்றார். “உள்ள இருக்கறது கருநீலம் தம்பி. ஏறிக்கிட்டு இருக்கயில நிப்பாட்டுனா திட்டுத்திட்டாப் போயிரும். அம்புட்டு நூலும் பாழு. ஒண்ணு பண்ணுவோம். நான் நீராவி வர்ற இந்தக் கைவால்வுல கை வெச்சு நிக்கிறேன். நீங்க நம்பரைப் பாருங்க. தப்பாப் போச்சுன்னா மூடிர்றேன். முடிஞ்சது.”

நியாயமான பேச்சு. நூல் பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும், சந்தேகமும் தீரும். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நூற்று இருபத்து நாலு. எதற்கும் இருக்கட்டும் என்று மூடியின் மேல் இருந்த சேஃப்டி வால்வை நிமிர்ந்து பார்த்தேன். எந்தப் பெட்டி ஏமாற்றினாலும் அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து நீராவியை வெளியே விட வேண்டியது அது. அதைச் சுற்றி நாலைந்து சுற்று கட்டுக்கம்பி போட்டு இறுக்கி முறுக்கியிருந்தது.

“பாய், அது என்ன கம்பி?”

“அதுவா? அது சும்மா சும்மா சீறிக்கிட்டே கெடந்துச்சு தம்பி. ஒரே தொந்தரவு. கொதிதண்ணி தோள்ல தெறிக்கும். ஒண்ணுமே இருக்காது, சும்மாவே சீறும். அதான் கட்டிவிட்டேன்.”

நான் எட்டு வரியில் எழுதியதைத்தான் அந்த மனிதர் கம்பியில் முறுக்கியிருந்தார். அதே காரணம், கிட்டத்தட்ட அதே வார்த்தை. அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. பெட்டியின் மெயின் சுவிட்சை இறக்கினேன். கரண்ட் போனால் நீராவி வால்வு ஸ்பிரிங்கில் தானே மூடிக்கொள்ளும். ‘டப்’ என்று மூடிய சத்தம் கேட்டது. பாய் கைவால்வையும் மூடினார். சிவப்பு எண் அணைந்தபோது நூற்று இருபத்தைந்து.

அடுத்த அரை மணி நேரம் போல என் வாழ்க்கையில் நீளமான நேரம் இல்லை. குக்கர் முணுமுணுத்துக்கொண்டே ஆறியது. பட்டறை ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். நூல் போச்சு என்பது எல்லோருக்கும் தெரியும். எதற்காகப் போனது என்பதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆறிய பிறகு சூடு அளக்கும் ஒயரைக் குக்கரிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில், சோதிப்பதற்காகப் பெட்டியோடு கொடுத்திருந்த திருகு குமிழை இணைத்தேன். குமிழைத் திருகினால் பெட்டி அதைச் சூடு என்று நம்பும். நீராவிக் குழாய் மூடியபடியே இருந்தது. வால்வு திறந்தால் ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். பெட்டியைப் போட்டேன். பாயை அழைத்துத் திருகச் சொன்னேன். நூற்று இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு. விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இன்னும் ஒரு மயிரிழை திருகினார். மைனஸ் நூற்று இருபத்தெட்டு. பச்சை விளக்கு நின்று எரிந்தது. மேலும் திருகினார், நூற்று நாற்பது, நூற்று ஐம்பது இருக்க வேண்டிய இடம் வரை. விளக்கு அணையவில்லை. மணி அடிக்கவில்லை.

பாய் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “மைனஸா? கொடைக்கானல்லகூட மைனஸ் வராதே தம்பி.”

யாரோ சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. குமிழை விட்டுவிட்டுத் தன் முக்காலியைப் பார்த்தார், அதற்கு மேலே மூடியைப் பார்த்தார். பிறகு கட்டிங் பிளேயரைக் கொண்டுவரச் சொன்னார். முக்காலி மேல் ஏறி நின்று கம்பியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார்.

“நான் என்னோடதக் கழட்டிட்டேன். நீங்க போயி உங்களோடதக் கழட்டுங்க.”

“லாட்டு, பாய்?”

“கருநீலம் போச்சு. கருப்புப் போட்ருவோம். கெட்டுப்போனதெல்லாம் கடைசியில கருப்புதான் தம்பி. நூலுக்கு அந்த வழி இருக்கு. நமக்கு இல்ல.”

மறுநாள் காலை கொசுவலையை அழித்தேன். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குமாஸ்தா எழுதியதைத் திருத்துவதில் பிரயோஜனம் இல்லை, அடுத்த முறை மறுபடி அப்படியேதான் எழுதுவார். குமாஸ்தாவையே திருத்த வேண்டும். ஒரு மாசத்துக்குக் கிட்ட ஆனது. வசந்தாக்கா ஒவ்வொரு நாளும் பிரிண்ட்டைத் தரையில் விரித்து மிச்சத்தை எண்ணுவார். கடைசியில் கம்பைலர் வாயாடுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது. அன்றைக்கு யாரும் வடை வாங்கித் தரவில்லை. அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் பரவைக்குப் புதிய பெட்டி கொண்டுபோகும் போதெல்லாம் பாய் ஒரே கேள்விதான் கேட்பார்: “கொசு எத்தன?” ஒன்றுமில்லை என்றால்தான் ஒயரைத் தொட விடுவார். இந்தச் சொல்லை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வசந்தாக்காவாகத்தான் இருக்கும்.

ரெண்டு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு சிப் மாற்றம். நாள் குறுகிவிட்டது, முதலாளி அவசரப்படுத்தினார். எல்லாம் சரிசெய்து, ஒரே ஒரு வார்னிங் மட்டும் மிச்சம். அது எதற்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரவைக்குப் போனேன்.

“கொசு எத்தன?”

“ஒண்ணே ஒண்ணு பாய். அது ஒண்ணும் பண்ணாது.”

பாய் தலையை ஆட்டினார். திட்டவில்லை, முகம்கூட மாறவில்லை. முக்காலியைத் தூக்கித் தோள் துண்டால் தூசி தட்டி, குக்கருக்குப் பக்கத்தில், மூடிக்கு நேர் கீழே போட்டார்.

“அப்ப நீங்க இங்கன உக்காருங்க தம்பி. நான் வெளிய நிக்கிறேன்.”

நான் அந்த முக்காலியைப் பார்த்தேன். பிறகு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, மொபெட்டை மதுரைப் பக்கம் திருப்பினேன்.